தோற்க வசதியுள்ளவர்களின் நட்பு

மலேசியத் தமிழர்களின் சீரழிவைப் பட்டியலிடும் மேடைப்பேச்சு எதைக் கேட்டாலும் மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடும். குடி, குண்டர் கும்பல், சூது. சூது என்றதும் பேச்சாளரின் விரல் எங்கே நீளும் என்பதும் நமக்குத் தெரியும். நம்பர் கடை வாசலில் துண்டுத்தாளோடு நிற்கும் பெரியவர், அடுக்குமாடியின் கீழே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் சீட்டு போடும் பையன்கள், துக்க வீட்டுக் கூடாரத்தில் விடிய விடியச் சீட்டு விளையாடும் மாமாக்கள். அந்த விரல் கோல்ஃப் திடலின் பக்கம் நீண்டு நான் பார்த்ததே இல்லை. அங்கே நடப்பதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஃப்ரெண்ட்லி பெட். நட்புப் பந்தயம்.

கோல்ஃப் பந்தயத்தை ஒழிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நான்கு பேர் தங்கள் சொந்தக் காசை வைத்து விளையாடுவதில் எனக்கு ஒழுக்கச் சிக்கல் ஒன்றும் இல்லை. என் வழக்கு அந்த அடைமொழியோடு மட்டும்தான். யாருடைய பந்தயத்துக்கு ‘நட்பு’ என்ற சொல் கிடைக்கிறது, யாருடையதற்கு ‘சீரழிவு’ என்ற சொல் கிடைக்கிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

நான் இருப்பது செராஸ். இங்கிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் சுங்கை லோங் திடல் இருக்கிறது. ஜாக் நிக்லாஸ் வடிவமைத்தது. தெற்கே போனால் மைன்ஸ். ஒரு காலத்தில் ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கமாக இருந்த பள்ளத்தைச் சுற்றி எழுந்தது. 1999இல் கோல்ஃப் உலகக் கோப்பை அங்கே நடந்தது. டைகர் வுட்ஸும் மார்க் ஒமேராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். நாலாவது ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. கிளப்பைத் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பந்தயக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். “பெட்டு இல்லாம கோல்ஃப்பா? அது வாக்கிங் லா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

கணக்கைத் தெரியாமல் நட்பைப் பேச முடியாது. எனவே சுருக்கமாக.

ஆகப் பிரபலமானது நாஸாவ். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள நாஸாவ் கிளப்பில் 1900 வாக்கில் பிறந்ததால் அந்தப் பெயர். ஒரே ஆட்டத்தில் மூன்று பந்தயம்: முதல் ஒன்பது குழிக்கு ஒன்று, அடுத்த ஒன்பதுக்கு ஒன்று, மொத்தம் பதினெட்டுக்கு ஒன்று. பத்து வெள்ளி நாஸாவ் என்றால் அதிகபட்ச இழப்பு முப்பது வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ‘பிரெஸ்’ என்ற ஒன்று உண்டு. தோற்றுக்கொண்டிருப்பவர் நடுவிலேயே “பிரெஸ்” என்று சொன்னால், மீதமுள்ள குழிகளுக்குப் புதிதாக ஒரு பந்தயம் திறக்கும். அதிலும் தோற்றால் இன்னொன்று. விட்டதைப் பிடிக்கிற ஆசைக்கு விதிமுறையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது ஸ்கின்ஸ். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலை. தனியாகக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தப் பணம். இருவர் சமமாக முடித்தால் யாருக்கும் இல்லை. பணம் அடுத்த குழியில் சேரும். குழிக்கு ஐந்து வெள்ளி என்று ஆரம்பித்து மூன்று குழி சமமாகிவிட்டால், நான்காவது குழியின் விலை இருபது. ஓநாய் என்று ஒன்று இருக்கிறது. முறை வைத்து ஒருவர் ஓநாயாவார். மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துவிட்டு ஒருவரைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது மூன்று பேரையும் தனியாக எதிர்த்து இரட்டிப்புக்கு விளையாடலாம்.

என்னை யோசிக்க வைத்தது வேகஸ். இரண்டு பேர் ஒரு ஜோடி. இருவரின் அடிகளையும் கூட்டுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் எண்ணாக்குகிறார்கள். நாலும் ஐந்தும் அடித்தால் 45. எதிர் ஜோடி ஐந்தும் ஆறும் என்றால் 56. வித்தியாசம் பதினொன்று. புள்ளிக்கு ஒரு வெள்ளி என்றால் தோற்ற ஒவ்வொருவரும் பதினொரு வெள்ளி கொடுக்க வேண்டும். ஒரு ஜோடியில் யாராவது பேர்டி அடித்துவிட்டால், அதாவது பாருக்கு ஓர் அடி குறைவாக முடித்துவிட்டால், எதிராளியின் எண் தலைகீழாகும்: 56 என்பது 65. எதிர் ஜோடியில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் ஒன்பது அடித்திருந்தால் 59 என்பது 95 ஆகும். வித்தியாசம் ஐம்பது. ஒரே குழி. பதினைந்து நிமிடம். ஐம்பது வெள்ளி. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம்.

“சும்மா டீ காசுதான்” என்று ஆட்டம் தொடங்கும்போது சொன்னது இதைத்தான்.

இப்போது நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விளையாட்டாக இவை அழகானவை. பந்தயத்தின் கணிதத்தை மட்டும் பார்த்தால் நம்பர் கடையைவிட ஆயிரம் மடங்கு யோக்கியமானவை. நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ‘பெரிசு’க்கு ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்களையும் ஒருவர் ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் 10,000 வெள்ளி கொடுத்து 6,400 வெள்ளி திரும்பப் பெறுவார். வெள்ளிக்கு 36 சென் விளையாடுபவர்களின் கைக்குத் திரும்பி வருவதே இல்லை. கோல்ஃப் பந்தயத்தில் முதலாளி கிடையாது. நான்கு பேர் கொண்டுவந்த காசு நான்கு பேருக்குள்ளேயே சுற்றும். வென்றவர் கிளப் ஹவுஸில் சாப்பாட்டுக்குக் கட்டுவார்.

ஆக நிலைமை இதுதான். வசதியானவர்கள் ஒருவரோடு ஒருவர் விளையாடுகிறார்கள். வசதியில்லாதவர்கள் உரிமம் பெற்ற நிறுவனத்தோடு விளையாடுகிறார்கள். அந்த உரிமத்தைக் கொடுத்தது அரசு. ஸ்போர்ட்ஸ் டோட்டோவை 1969இல் அரசே ஆரம்பித்தது. 1985இல் தனியாருக்குக் கொடுத்தது. கெந்திங் சூதாட்ட விடுதிக்கு அனுமதி கிடைத்ததும் அதே 1969இல்தான். புதன், சனி, ஞாயிறு குலுக்கல். தாமான் கன்னாட்டில் பாசார் மாலாம் போடும் புதன்கிழமை மாலையில் நம்பர் கடையிலும் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் நிற்கும் பெரியவரிடம் “ஏன் ஐயா இப்படிச் சூதாடி அழியறீங்க?” என்று கேட்க நமக்கு ஆயிரம் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கு 36 சென் ஏன் போகிறது என்று கேட்க ஒருவர்கூட இல்லை.

சட்டமும் இந்தப் பிரிவினையைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. மலேசியாவின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் 1953இல் வந்தது. அது சூதாட்டம் என்று சொல்வது அதிர்ஷ்டத்தால் ஆகும் ஆட்டத்தையும், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையும். சீட்டு அதில் விழும். கோல்ஃப் திறமை என்ற கணக்கில் வெளியே நிற்கும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே கோல்ஃப் மைதானம் போட்டவர்கள் சென்னைக்காரர்கள். குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் லட்சுமணன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்ட நுணுக்கத்தில் தப்பிருக்காது. ஆனால் ‘திறமை’ என்று ஒப்புக்கொள்ளப்படும் ஆட்டங்களுக்கு எத்தனை ஏக்கர் தேவைப்படுகிறது என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். சீட்டுக்கட்டுக்கு ஒரு பாய் போதும்.

ஏக்கர் என்றதும் புக்கிட் ஜாலில் ஞாபகத்துக்கு வருகிறது. செராஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரப்பர் தோட்டமாக இருந்த இடம். 1998 காமன்வெல்த் போட்டிக்காக தேசிய விளையாட்டு வளாகம் அங்கே எழுந்தது. கோல்ஃப் திடலும் அங்கே உண்டு. தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியதை உங்களில் பலர் செய்தியில் படித்திருப்பீர்கள். தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்னும் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பத்து காசு வைத்துச் சீட்டு விளையாடியவர்கள் ஒருவரை ஒருவர் பிறப்பிலிருந்தே அறிந்தவர்கள். சம்பள நாளில் ஆடி, மறுநாள் பால் வெட்டப் போகும்போது கடனைத் தீர்த்துக்கொண்டவர்கள். அதற்கு நட்புப் பந்தயம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார். “தோட்டத்துல சீட்டாடி குடும்பம் அழிஞ்சது உண்மைதானே? பெண்டாட்டி தாலிய அடகு வெச்சவன் இல்லையா? ஆ லோங்கிட்ட கடன் வாங்கி ஊரை விட்டு ஓடினவன் இல்லையா?” உண்டு. மறுக்கவில்லை. லயத்து வாழ்க்கையைப் பொன்னாக்கிக் காட்டும் எழுத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் நண்பரின் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒருவனுடைய தோல்வி குடும்பத்தை அழிக்கிறது. இன்னொருவனுடைய தோல்வி சாப்பாட்டு மேசையில் சிரிப்பாகிறது. இரண்டு பேரின் குணத்திலும் வித்தியாசம் இல்லை. பையில்தான் வித்தியாசம். நட்பு என்று நாம் பெயர் வைத்திருப்பது தோற்க வசதியிருப்பதற்கு.

இதைப் புரிந்துகொள்ள கோல்ஃப்பே நல்ல வழி காட்டுகிறது. அந்த விளையாட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஹேண்டிகேப். என் ஹேண்டிகேப் 24, உங்களுடையது 10 என்றால், நீங்கள் எனக்குப் பதினான்கு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். எந்தக் குழிகளில் என்பதைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு விடவில்லை. எது கடினம் என்ற வரிசைப்படி அட்டையில் அச்சிட்டிருக்கும். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தார்கள். வல்லவனும் கற்றுக்குட்டியும் சமமாக நின்று விளையாட இப்படியொரு ஏற்பாடு சதுரங்கத்தில் இல்லை, பூப்பந்தில் இல்லை. ஹேண்டிகேப்பை வேண்டுமென்றே கூட்டி வைத்துக்கொண்டு ஏமாற்றுபவனை கோல்ஃப் ஆடுபவர்கள் திருடனைப் போலத்தான் பார்ப்பார்கள்.

இவ்வளவு நுட்பமாகத் திறமையைச் சமன்செய்யும் கூட்டம், பையைச் சமன்செய்ய ஒரு விதியும் எழுதவில்லை. மாதம் மூவாயிரம் வெள்ளி சம்பளக்காரனும் முப்பதாயிரம் வெள்ளி சம்பளக்காரரும் புள்ளிக்கு ஒரு வெள்ளி என்று ஆடினால் அது ஒரே பந்தயம் இல்லை. ஒருவர் விளையாடுகிறார். மற்றவர் பணம் கட்டி அருகில் நிற்கும் இடத்தை வாங்குகிறார்.

இது நடக்காத கற்பனை என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலதிகாரியின் நால்வர் குழுவில் இளைஞர்களைச் சுழற்சி முறையில் சேர்ப்பார்கள். கூப்பிட்டால் அது மரியாதை. “பாஸ், நான் பெட்டு இல்லாம ஆடுறேன்” என்று சொன்ன ஒரு பையனை “பரவால்லடா தம்பி” என்று தோளில் தட்டிவிட்டு, பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, பழிவாங்கவில்லை. பதவி உயர்வு பேசப்படும் மேசை பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த பையன்கள் கற்றுக்கொண்டார்கள். சிலர் ஆடக் கற்றார்கள். சிலர் அதைவிடக் கடினமான வித்தையைக் கற்றார்கள்: மூன்றடி தூரத்தில் இருக்கும் பந்தைத் தவறவிட்டு, தலையில் கைவைத்து, “ஐயோ பாஸ், கை நடுங்கிருச்சு” என்று சொல்வது.

இதே வித்தை பெரிய அளவிலும் நடக்க முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குத்தகை தேடுபவர் குத்தகை கொடுப்பவரிடம் ஞாயிறு காலையில் ஆயிரக்கணக்கில் தோற்றால் அதற்கு ரசீது இல்லை, உறை இல்லை, சாட்சி இல்லை. கேடி ஒருவர் பார்த்திருப்பார். அவரை யார் கேட்கப்போகிறார்கள்?

அமெச்சூர் கோல்ஃபுக்கு விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு இந்த விஷயத்தில் நம் கிளப்புகளைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆடுபவர்களுக்குள் நடக்கும் சிறு பந்தயத்தை அது தடுப்பதில்லை. ஆனால் எது ஏற்கத்தக்கது என்று வழிகாட்டுகிறது. ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். பணம் ஆடுபவர்களின் சொந்தப் பணமாக மட்டும் இருக்க வேண்டும். தொகை மிகையாகப் போகக்கூடாது. ஆட்டத்தின் நோக்கம் பணமாக இருக்கக்கூடாது.

இந்த நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் அறிந்த ஒரு ஆட்டத்துக்குப் போங்கள். மகாபாரதத்தின் சபா பருவம். திருதராட்டிரன் விதுரனிடம் சொல்லியனுப்பும் அழைப்பு எப்படி இருக்கிறது? புதிய மண்டபத்தைப் பார்க்க வா, நட்பாகச் சூதாடி மகிழ்வோம் என்று. ஆமாம், வியாசரின் மூலத்திலேயே அதற்குப் பெயர் நட்புச் சூதுதான். அழைப்பது பெரியப்பா. மறுக்க முடியாது. அழைத்தால் பின்வாங்குவதில்லை என்ற தர்மனின் விரதம் வேறு. விருப்பம் என்ற நிபந்தனை அங்கேயே போயிற்று. ஆடுவது சகுனி, பணயம் வைப்பது துரியோதனன். சொந்தப் பணம் என்ற நிபந்தனையும் போயிற்று. ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையாகப் படவில்லை என்று தர்மன் வாய்விட்டே சொல்கிறான். சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆடுகிறான். தொகை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். பாஞ்சாலி கேட்ட கேள்வியும் தெரியும். அந்தச் சபையில் நடந்ததைத் தடுக்க யாருக்கும் வாய் வராததற்கு முதல் காரணம், அது விரோதிகளின் ஆட்டமாகத் தொடங்கவில்லை என்பதுதான். நட்பு என்று ஆரம்பித்தார்கள். நட்பில் கணக்குக் கேட்பது அநாகரிகம்.

நம் இலக்கியத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நான் வாசித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் சூதாடி என்றால் பெரும்பாலும் கைலி கட்டியிருப்பார், குடித்திருப்பார், கடைசியில் அழுவார். அவருக்காக நாமும் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவோம். போலோ டீ-ஷர்ட் போட்ட சூதாடியைப் பற்றி யார் எழுதினார்கள்? பகியின் ஸ்டீயரிங்கில் செருகியிருக்கும் அட்டையில் பென்சிலால் குறிக்கப்படும் கணக்கு ஒரு கதைக்குக் குறைந்ததா? வேண்டுமென்றே பந்தைத் தவறவிடும் அந்தப் பையனின் மனத்துக்குள் போக யாருக்காவது தோன்றியதா? அதிகாரம் நம்மிடம் சிரித்துப் பேசி, தோளில் கைபோட்டு, “உன் ஷாட் தம்பி” என்று சொல்லும் இடம் அது. திருக்குறளில் சூது அதிகாரத்தைப் படித்துவிட்டு நம்பர் கடைக்காரரை மட்டும் நினைத்துக்கொள்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

கோல்ஃப் ஆடும் தமிழர்களை எனக்குப் பிடிக்கும். எம். ராமையா, பி. குணசேகரன் என்று நம் பெயர்களும் இந்த நாட்டின் தொழில்முறை கோல்ஃப் வரலாற்றில் இருக்கின்றன. அந்தப் புல்வெளி யாருடைய தனிச்சொத்தும் இல்லை. நாமும் போக வேண்டும், ஆட வேண்டும், பந்தயமும் கட்டலாம். ஆனால் ‘நட்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வதற்கு முன் சில விதிகளை ஏற்றுக்கொள்ளட்டும்.

பந்தயத் தொகையை நால்வரில் ஆகக் குறைந்த சம்பளக்காரர் முடிவு செய்யட்டும். முதல் டீயில் நிற்கும்போதே, மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, அவர் சொல்லட்டும். பிரெஸ் கூடாது என்று அவர் சொன்னால் கூடாது. பந்தயம் இல்லாமல் ஆடுகிறேன் என்பவரை அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். அதற்கடுத்த வாரமும் கூப்பிடுங்கள். யாருடைய விடுமுறை விண்ணப்பத்தில், யாருடைய குத்தகைப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்களோ அவரிடம் ஒரு வெள்ளிகூடப் பந்தயம் கட்டாதீர்கள். அவர் தோற்றாலும் வாங்காதீர்கள், அவர் தோற்றால் கட்டாயம் வாங்காதீர்கள்.

இதெல்லாம் விளையாட்டின் சுவையைக் கெடுத்துவிடும் என்பீர்கள். பதினான்கு அடி விட்டுக்கொடுப்பது சுவையைக் கெடுக்கவில்லையே. இதுவும் ஹேண்டிகேப்தான். பையின் ஹேண்டிகேப்.

இதை ஏற்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஆட்டம் உங்கள் பாடு. ஆனால் அடுத்த முறை மேடையேறும்போது சூதைப் பற்றிப் பேசாதீர்கள். நம்பர் கடை வாசலில் நிற்கும் அந்தப் பெரியவருக்குத் தன் வெள்ளி திரும்பி வராது என்பது நன்றாகவே தெரியும். அவர் அதற்கு நட்பு என்று பெயர் வைக்கவில்லை.